திடல் பூங்காவாகும்போது

எங்க ஊர் களமருதூர். உளுந்தூர்ப்பேட்டை வட்டம். 2019 நவம்பர் வரைக்கும் விழுப்புரம் மாவட்டம், அதுக்கப்புறம் கள்ளக்குறிச்சி மாவட்டம். ஊர்ப் பேரிலேயே ஒரு 'களம்' உட்கார்ந்திருக்கு. அந்தக் களத்துக்கும் நெல்லடிக்கிற களத்துக்கும் சம்பந்தம் உண்டா என்பது ஊர்ப்பெயர் ஆய்வு பண்றவங்க வேலை, நான் அதுக்குள்ள போகல. ஆனா இந்தப் பக்கத்துல வளர்ந்த யாருக்கும் களம்னா ரெண்டு விஷயம் ஞாபகத்துக்கு வரும். ஒண்ணு வைக்கோல் போர். இன்னொண்ணு ஆட்டம்.

வருஷத்துல சில வாரம்தான் களத்துல கதிர் கிடக்கும். மத்த நாளெல்லாம் அது பசங்க கையில. கோடையில ஏரி வத்திப் போனா ஏரி உள்வாய். அறுப்பு முடிஞ்சா கழனி. லீவு நாள்ல பள்ளிக்கூடத் திடல், யாரும் துரத்தாத வரைக்கும். 'மைதானம்' என்கிற சொல்லை நாங்க டிவியில கேட்டதோட சரி. எங்களுக்கு எல்லாமே 'களத்துல ஆடறான்', 'ஏரியில ஆடறான்' தான். இடத்தோட பேரு வேற வேலைக்கானது, ஆட்டம் அதுல ஒண்டிக்கிட்டு இருந்தது.

இந்த 'ஒண்டிக்கிட்டு இருந்தது' என்பதுதான் இந்தக் குறிப்பின் விஷயம். எந்த ஊரிலாவது திடலைப் பூங்காவாக்கப் போறாங்கன்னு பேச்சு வந்தால், கூடவே ஒரு வாக்கியமும் வரும்: "அந்த இடம் சும்மாதானே கிடக்கு." தினமும் சாயந்திரம் முப்பது பேர் ஆடுகிற இடம் எப்படிச் சும்மா கிடக்கிற இடமாகத் தெரிகிறது? கண்ணில் கோளாறு இல்லை. பதிவேட்டில் அது அப்படித்தான் இருக்கிறது.

1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் சில வகைப் புறம்போக்குகளை ஊராட்சியின் பொறுப்பில் விடுகிறது. மேய்ச்சல் நிலம், நெல்லடிக்கும் களம், சுடுகாடு இடுகாடு, மாட்டு மந்தை, வண்டிப் பேட்டை, தோப்பு. 1958ஆம் ஆண்டின் பழைய சட்டத்திலிருந்து வருகிற பட்டியல் இது. மாட்டுக்கு இடம் இருக்கு, வண்டிக்கு இடம் இருக்கு, செத்தவங்களுக்கு இடம் இருக்கு. ஆடுகிற பிள்ளைகளுக்கு இந்தப் பட்டியலில் ஒரு வரி இல்லை. குற்றமாகச் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் களமும் மந்தைவெளியும் இருந்தால் ஆட்டத்துக்கு இடம் தானாகவே கிடைத்துவிடும், தனியாக எழுத வேண்டிய தேவை இருந்திருக்காது.

அரசியலமைப்புச் சட்டத்திலும் இந்த வித்தியாசம் தெரிகிறது. நகராட்சிகளின் பணிகளைச் சொல்லும் பன்னிரண்டாவது அட்டவணையில் பூங்கா, தோட்டம், விளையாட்டுத் திடல் என்று பெயர் சொல்லியே இருக்கிறது. ஊராட்சிகளுக்கான பதினோராவது அட்டவணையில் 29 பொருள்கள். சிறுபாசனம் உண்டு, நூலகம் உண்டு, சந்தையும் திருவிழாவும் உண்டு. விளையாட்டுத் திடல் கிடையாது. கடைசிப் பொருளான 'சமுதாயச் சொத்துகளைப் பராமரித்தல்' என்பதற்குள் வேண்டுமானால் நுழைத்துக்கொள்ளலாம்.

தமிழ்நாட்டில் பூங்கா, விளையாட்டுத் திடல், திறந்தவெளி மூன்றையும் பாதுகாக்கத் தனிச் சட்டமே இருக்கிறது, 1959லிருந்து. மூன்றையும் தலைப்பிலேயே தனித்தனியாகச் சொல்கிறது என்பதைக் கவனிக்கணும். உள்ளாட்சி அமைப்பு தன் எல்லைக்குள் இருக்கும் இந்த இடங்களுக்குப் பட்டியல் எடுக்க வேண்டும், பட்டியலில் வந்த இடத்தை அரசின் அனுமதி இல்லாமல் வேறு பயனுக்கு மாற்றக் கூடாது என்பது இந்தச் சட்டத்தின் உயிர். அதாவது காப்பாற்றப்படுவது பட்டியலில் ஏறிய இடம். களம் புறம்போக்கு என்று எழுதியிருக்கும் இடத்தில் மூன்று தலைமுறை கபடி ஆடியிருந்தாலும் அது ஏட்டில் களம்தான். நெல்லு இப்ப மிஷின்ல அறுத்து அங்கேயே மூட்டை ஆகிடுது. களத்துக்கும் வேலை இல்லை. ஆக, சும்மா கிடக்குது!

இப்படி வேலை போன இடத்தைத் தின்பதற்குப் பூங்கா ஒன்றுதான் வருதுன்னு இல்லை. முதலில் ஒரு மூலையில் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி வரும். தண்ணி வேணும், யாரும் எதிர்க்க முடியாது. அப்புறம் அங்கன்வாடி, அதையும் எதிர்க்க முடியாது. ரேஷன் கடை, சமுதாயக் கூடம், கிராம நிர்வாக அலுவலர் அலுவலகம். ஒவ்வொன்றும் ஐந்து சென்ட், ஆறு சென்ட். எல்லாமே ஊருக்கு வேண்டியவை. கடைசியில் மிச்சமிருக்கும் துண்டில் பந்து அடித்தால் யாராவது ஒருத்தர் ஜன்னல் உடையும். கம்பி வேலி போட்டு 'பூங்கா' என்று பெயர்ப்பலகை வைத்த இடத்தை இப்படித் துண்டு போடுவது கஷ்டம். திடலைப் பூங்காவாக்குவதை ஆதரிக்கிறவங்க சொல்லும் நியாயங்களில் இது வலுவானது. தனியார் மருத்துவமனைக்காகப் பூங்கா இடத்தைக் கொடுத்த பெங்களூர் வழக்கில் 1991இல் உச்ச நீதிமன்றம் குடியிருப்போர் பக்கம் நின்றது. நகரத் திட்டத்தில் அந்த இடம் பூங்கா என்று எழுதியிருந்ததுதான் அவர்களுக்குக் கை கொடுத்தது. எழுத்தில் பூங்கா இருந்தால் நீதிமன்றம் போகலாம். வழக்கத்தில் திடல் இருந்தால் கிராம சபையில் கத்தலாம், அவ்வளவுதான்.

சரி, பூங்காவாகவே ஆகிவிட்டால் என்ன நடக்கும்? எனக்குத் தெரிந்தவரை இதற்கு நல்ல உதாரணம் பக்கத்து மாநிலத்தில், கோழிக்கோடு ஊரின் நடுவில் இருக்கிறது. மானாஞ்சிறை. சாமூதிரி மன்னர் மானவிக்ரமன் வெட்டிய குளம் அது. குளத்தை ஒட்டி அரண்மனை முற்றமாக இருந்த வெளி பிற்காலத்தில் மானாஞ்சிறை மைதானம் ஆனது. கோழிக்கோடு பந்தாட்டத்துக்குப் பேர் போன ஊர். 1952இல் அங்கே தொடங்கிய சேட் நாக்ஜி கால்பந்துப் போட்டியை நாடு முழுக்கத் தெரியும். அப்படிப்பட்ட ஊரில், டவுன் ஹாலுக்கும் மிட்டாய்த் தெருவுக்கும் பக்கத்தில், கூப்பிடு தூரத்தில் ஒரு பந்தாட்ட வெளி.

1990களின் தொடக்கத்தில் அங்கே மாவட்ட ஆட்சியராக இருந்தவர் அமிதாப் காந்த், பிற்பாடு நிதி ஆயோக்கின் தலைமைச் செயல் அதிகாரி ஆனவர். அவர் காலத்தில்தான் மைதானம் மானாஞ்சிறை சதுக்கம் ஆனது. 1994இல் திறந்தார்கள். வெட்டுக்கல் சுற்றுச்சுவர், பழைய பாணி விளக்குக் கம்பங்கள், புல்தரை, இசை நீரூற்று, திறந்தவெளி மேடை. இன்றைக்கும் சாயந்திரம் போனால் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருப்பார்கள். நன்றாகச் செய்த வேலை, அதில் சந்தேகமே இல்லை. பந்து மட்டும் இல்லை.

பந்து எங்கே போனது என்று கேட்டால் பதில் இருக்கிறது. ஊருக்கு 1970களிலிருந்தே மாநகராட்சி ஸ்டேடியம் உண்டு. ஆனால் ஸ்டேடியமும் திடலும் ஒன்றல்ல. ஸ்டேடியத்துக்குள் போக அணி வேணும், அனுமதி வேணும், போட்டி வேணும். திடலுக்கு ஒரு பந்தும் நாலு பேரும் போதும். பந்து இல்லாதவன் கூட ஓரத்தில் நின்றால் ஒரு மணி நேரத்தில் ஆட்டத்துக்குள் வந்துடுவான். திடலை இழக்கிறவங்க யாருன்னு பார்த்தா பெரிய ஆட்டக்காரர்கள் இல்லை, அவங்களுக்கு எங்கேயாவது இடம் கிடைச்சிடும். இந்த ஓரத்தில் நிற்கிறவன்தான் இழக்கிறான்.

இதைச் சண்டையாகக் கூட யாரும் போடுவதில்லை, அதற்கும் காரணம் உண்டு. திடலில் அடுக்குமாடி கட்டினால் ஊரே திரளும், பேப்பரில் வரும். பூங்கா கட்டினால் பச்சை அப்படியே இருக்கு, இடம் பொதுவாகவே இருக்கு, பார்க்கவும் அழகா இருக்கு. எதை எதிர்ப்பது? போனது நிலம் இல்லை, ஒரு பழக்கம். அதுக்கு ஃபோட்டோ எடுத்துக் காட்ட முடியாது.

பழக்கம் எப்படிப் போகிறது என்பதைப் பல சிறு ஊர்களில் பார்த்திருக்கேன். முதலில் கேட் வரும். கேட்டுக்குப் பூட்டு, பூட்டுக்குச் சாவி, சாவிக்கு ஒரு ஆள். காலையில் ஐந்திலிருந்து எட்டு, சாயந்திரம் நாலிலிருந்து எட்டு. அப்புறம் போர்டு: புல்லில் நடக்காதீர், பந்து விளையாடாதீர், சைக்கிள் உள்ளே வரக் கூடாது. பத்து வயசுக்குள்ள இருக்கிற குழந்தைக்குச் சறுக்கு மரம், ஊஞ்சல். அறுபது தாண்டியவர்களுக்கு பெஞ்ச். நடுவில் பதிமூணு வயசிலிருந்து இருபத்தஞ்சு வரைக்கும் இருக்கிறவனுக்கு அந்த வேலிக்குள் ஒரு வேலையும் இல்லை. உள்ளே போனால் "இங்க என்னடா பண்றீங்க?" என்ற கேள்விதான். ஒரு மாதிரி, சொந்த ஊரிலேயே விருந்தாளி.

இவ்வளவு தூரம் எழுதி வச்சதை எங்க சித்திகிட்ட படிச்சுக் காட்டினேன். அவங்க கேட்ட ஒரு கேள்வியில பாதி விழுந்துபோச்சு.

"திடலு போச்சு திடலு போச்சுன்றியே, அந்தத் திடலுக்கு நாங்க எந்த நாளு வந்தோம்?"

"நீங்க வரக் கூடாதுன்னு யாரு சித்தி சொன்னது?"

"யாரும் சொல்லலடா. சொல்லணுமா என்ன?"

உண்மைதான். நாங்க 'ஊர்த் திடல்' என்று சொன்ன இடத்தில் ஊரில் பாதிப் பேர் கால் வைத்ததில்லை. பொண்ணுங்க எட்டாவது வரைக்கும் பள்ளிக்கூடத்தில் கோ-கோ ஆடினதோட சரி. டாக்டர் சர்க்கரைக்கு நடக்கச் சொன்னால் சித்தி வயசுக்காரங்க ரோட்டு ஓரமாகத்தான் நடக்கிறாங்க, பஸ்ஸும் கரும்பு லாரியும் போற ரோட்டில். பூங்கா என்று பெயர் வைத்து விளக்குப் போட்டால்தான் அவங்க உள்ளே வர முடியுது. 'நடக்க வந்தேன்' என்று சொல்லிக்கொள்ள ஒரு பாதை வேணும், ஒரு காரணம் வேணும். வெறும் வெளியில் ஒரு பொம்பளை சும்மா நிற்க முடியாது. திடலில் ஆடினவங்களுக்கு அது பொது இடம். அவங்களைத் தவிர மத்தவங்களுக்கு அது பசங்க இடம். மானாஞ்சிறையில் இன்று உட்கார்ந்திருக்கும் குடும்பங்களை நினைத்தாலும் இதேதான். பந்து இருந்த காலத்தில் அவர்களில் எத்தனை பேர் அங்கே வந்திருப்பார்கள்?

அதனால் 'பூங்கா வேண்டாம்' என்று எழுத எனக்கு வாய் வரலை. கேள்வியை மாத்திக்கணும்: ரெண்டு பேருக்கும் இடம் பத்துமா? இதுக்குக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஒரு ஏக்கர், நூறு சென்ட், 43,560 சதுர அடி. சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் ஏறக்குறைய 209 அடி. அதன் வேலியை ஒட்டி உள்பக்கமாக ஆறடி அகலத்துக்கு நடைபாதை போட்டால் பாதை தின்பது பதினோரு சென்ட்தான். நாலு சுற்று நடந்தால் ஒரு கிலோமீட்டர் வந்துடும். உள்ளே 197 அடிக்கு 197 அடி வெட்டவெளி அப்படியே மிச்சம். கைப்பந்து ஆட்டக் களம் 18 மீட்டருக்கு 9 மீட்டர். சுற்றிலும் மூணு மூணு மீட்டர் விட்டால் கூட 79 அடிக்கு 49 அடிக்குள் முடிஞ்சிடும். ஆண்கள் கபடிக்கு 13 மீட்டருக்கு 10 மீட்டர், அதாவது 43க்கு 33 அடி. கைப்பந்து, கபடி, கோ-கோ மூணையும் போட்டு, டென்னிஸ் பால் கிரிக்கெட்டுக்கும் ஒரு ஓரம் விடலாம். முழு அளவு கால்பந்துத் திடல் மட்டும் நுழையாது. அதற்கு 105க்கு 68 மீட்டர், ஒண்ணே முக்கால் ஏக்கர் வேணும்.

இதே ஒரு ஏக்கரில் பாதையை ஓரத்தில் போடாமல் நடுவில் வளைச்சு வளைச்சுப் போட்டு, சந்திப்பில் ஒரு நீரூற்று, நாலு பக்கமும் பாத்தி, பாத்தியைச் சுற்றிச் செங்கல் என்று வைத்தால்? சதுர அடிக் கணக்கில் பச்சை அதிகமாகவே இருக்கும். ஆனால் 79க்கு 49 அடி உடையாத வெளி எங்கேயும் இருக்காது. ஆட்டத்துக்கு வேண்டியது மொத்தப் பரப்பு இல்லை, உடையாத பரப்பு. திட்ட வரைபடம் போடுறவங்களுக்கு வெறும் தரையைப் பார்த்தால் ஏதாவது வைக்கணும் என்று கை அரிக்கும் போல. ஒண்ணும் வைக்காமல் விட்டால் வேலையே செய்யாத மாதிரி. நிழற்படத்துக்கும் நல்லா இருக்காது.

ஒண்ணும் வைக்காமல் விட்டும் நன்றாக வந்த இடம் உண்டு. மும்பையின் ஓவல் மைதானம், 22 ஏக்கர். 1990களில் குப்பையும் போதைப்பொருள் வியாபாரமுமாகக் கிடந்தது. பக்கத்துக் குடியிருப்பில் இருந்தவங்க சங்கமாகச் சேர்ந்து, நீதிமன்றம் போய், பராமரிக்கிற பொறுப்பை வாங்கிச் சீர்ப்படுத்தினார்கள். வேலி போட்டார்கள், பாதை போட்டார்கள். நடுவில் கிரிக்கெட் கிரிக்கெட்டாகவே இருக்கிறது. ஒரே நேரத்தில் பல ஆட்டம் நடக்கும், ஒருத்தன் பீல்டர் இன்னொரு ஆட்டத்தின் பிட்ச் பக்கத்தில் நிற்பான். அந்தக் குழப்பத்தின் ஓரத்தில் ஆபீஸ் போறவங்க பாட்டுக்கு நடந்து போறாங்க. 2018இல் யுனெஸ்கோ அந்தப் பகுதியின் கட்டடங்களை உலக மரபுச் சின்னமாக அறிவித்தபோது இந்த மைதானமும் அதற்குள் வந்தது. அங்கே வசதியான குடியிருப்புகள், வழக்கு நடத்தக் காசு இருந்தது, உண்மைதான். ஆனா அவங்க செய்த தேர்வுக்குக் காசு வேணாம். மைதானத்தை மைதானமாகவே சரி பண்ணினாங்க.

வேலி போட்டுச் சீர்ப்படுத்துவதில் இன்னொரு ஆபத்தும் இருக்கு, அதையும் சொல்லிடணும். செலவு பண்ணின இடத்துக்குக் கட்டணம் வைக்கத் தோணும். 2024 அக்டோபரில் சென்னை மாநகராட்சி தன் ஒன்பது செயற்கைப் புல் கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் விட்டு, ஆளுக்கு மணிக்கு 120 ரூபாய் வாங்கலாம் என்று தீர்மானம் போட்டது. எதிர்ப்பு கிளம்பின வேகத்தில் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். சென்னையில் கத்த ஆள் இருந்தது.

நம்ம பக்கத்துக்கு வருவோம். ஊராட்சிப் பூங்கா என்பது 2016இல் அம்மா பூங்கா, அம்மா உடற்பயிற்சிக் கூடம் என்று 500 ஊராட்சிகளுக்கு அறிவித்ததிலிருந்து பெரிசாகப் பேசப்படுது. 2020இல் அம்மா இளைஞர் விளையாட்டுத் திட்டம் வந்தது, 12,524 ஊராட்சிகளிலும் ஆடுகளம் என்ற கணக்கில். 2024இல் கலைஞர் விளையாட்டு உபகரணங்கள், ஊராட்சிக்கு ஒரு மூட்டை. பூங்கா வந்தது, மட்டையும் பந்தும் வந்தது. எங்கே ஆடறது என்பது ஊருக்கு ஊர் வேற கதை. இந்த மூணையும் ஒரே இடத்தை வச்சு ஒருத்தர் கணக்குப் பார்த்திருந்தால் நல்லா இருந்திருக்கும்.

உங்க ஊர் திடல் ஏட்டில் என்னவாக இருக்கிறது என்று பார்ப்பது இப்போது சுலபம். அரசின் இணைய சேவைத் தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்தால் அ-பதிவேட்டு விவரம் வந்துவிடும். புல எண் தெரியலைன்னா கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்கலாம். அதில் 'விளையாட்டுத் திடல்' என்று இருந்தால் அதிர்ஷ்டம். களம், மந்தைவெளி, மேய்ச்சல் என்று இருந்தால், அந்த இடத்தைத் திடலாக வகைமாற்றம் செய்யக் கேட்டு கிராம சபையில் தீர்மானம் போடச் சொல்லலாம். தீர்மானம் போட்டதும் மாறிடாது, வருவாய்த்துறை மனசு வைக்கணும். ஆனா எழுத்தில் ஒரு இடத்திலாவது 'இங்கே ஆடுகிறார்கள்' என்று பதிவாகும். 2022லிருந்து கிராம சபை வருஷத்துக்கு ஆறு தடவை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பூங்காவுக்கான திட்டம் வந்தால் கேட்க வேண்டியது வரைபடத்தை. பாதை ஓரத்தில் போகுதா, நடுவில் போகுதா? 79க்கு 49 அடி எங்கே விட்டிருக்காங்க? சாவி யாரிடம்?

இந்த ஓரப் பாதைக் கணக்கையும் சித்திகிட்ட பேப்பர்ல வரைஞ்சு காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தாங்க.

"நாங்க சுத்தி நடக்கறோம், நடுவுல பசங்க அடிக்கறானுங்க. பந்து வந்து மூஞ்சில பட்டா?"

"வலை கட்டலாம் சித்தி. இல்லன்னா நேரம் பிரிச்சுக்கலாம். காலையில நீங்க, சாயந்திரம் பசங்க."

"காலையில மாடு கறக்கணும், சோறு ஆக்கணும். எங்களுக்கும் சாயந்திரம்தாண்டா ஒழியும்."

வலை கட்ட எவ்வளவு ஆகும்னு விசாரிச்சுட்டு இருக்கேன்.